தோட்டத்தில் ஒரு பேர், வெளியே மூன்று வேலை: கண்டி மலைகளில் ஒரு வீடு எப்படி ஓடுகிறது?

கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் கண்டிக்கு இறங்கும் காலை பஸ்களில் ஒரு தடவையாவது ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பாதித் தூக்கத்தில் இருக்கும் இளைஞர்களும் யுவதிகளுமாக பஸ் நிரம்பி வழியும். ஒருவர் துணிக்கடைக்கு, இன்னொருவர் ஹோட்டல் சமையலறைக்கு, மற்றொருவர் எங்கோ எழும்பும் கட்டடத்தில் சீமெந்து குழைக்க. அதே நேரத்தில் அவர்கள் விட்டுவந்த லயத்திலிருந்து அம்மாவோ அண்ணியோ கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்துகொண்டிருப்பார்.

மலையகத்தைப் பற்றிய செய்திகளில் நாம் பெரும்பாலும் அந்தக் கூடையை மட்டுமே பார்க்கிறோம். நாட்சம்பளம் 1,000 ரூபாவா, 1,700 ரூபாவா என்ற விவாதம் பத்து வருடங்களாக நடக்கிறது. அது அவசியமான விவாதம்தான். ஆனால், அந்தச் சம்பளத்தில்தான் அந்த வீட்டின் அடுப்பு எரிகிறது என்று நினைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். அடுப்பு எரிவது பெரும்பாலும் பஸ்ஸில் போனவர்களின் காசில். அப்படியானால் ஏன் யாரோ ஒருவர் இன்னமும் கொழுந்து பறிக்கப் போகிறார்? இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. அதன் ஒரு பகுதி வன்னியில் இருப்பவர்களுக்கும் சொந்தமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கணக்கைப் பார்ப்போம்

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி, தோட்டத்துறையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 46,865 ரூபா. கிராமங்களில் அது 69,517 ரூபா. நகரங்களில் 116,670 ரூபா. தோட்டங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்பதைக் காட்டுவதற்காக இந்த எண்கள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. வேறொரு விடயத்தையும் அவை சொல்கின்றன.

அந்த வருடம் ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. விலைப் பங்குக் கொடுப்பனவு 50 ரூபாவைச் சேர்த்தால் 750. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் மாதத்தில் 25 நாட்கள் ஒரு நாளும் தவறாமல் முழுப்பேர் போட்டிருந்தால்கூட இருவருக்கும் சேர்த்து 37,500 ரூபாதான். சராசரிக் குடும்பத்தின் வருமானம் அதைவிட 9,000 ரூபாவுக்கும் மேல் அதிகம். அந்தச் சராசரிக்குள் தோட்ட உத்தியோகத்தர்களின் வருமானமும் பணமாகக் கைக்கு வராத வருமானங்களும் அடங்குகின்றன என்பதையும் சொல்லவேண்டும். மறுபக்கத்தில், எல்லா வீட்டிலும் இருவர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. 25 நாள் வேலை எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. ஆக, 2019 இலேயே தோட்டத்துக்கு வெளியிலிருந்து காசு வராமல் ஒரு சாதாரண வீடு ஓடியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு சம்பளம் ஏறியது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா, 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் அதற்கு மேல் அரசாங்கம் தரும் 200 ரூபா வருகை ஊக்கத்தொகையும். ஒருவர் மாதத்தில் 20 நாட்கள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,550 ரூபா வீதம் 31,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,480 ரூபா கழியும். மிஞ்சுவது 28,520. ஊக்கத்தொகை எல்லா நாளுக்கும் கிடைத்தால் 32,520. தோட்டக் கடைக் கடன், கோயில், சங்கச் சந்தா எல்லாம் இதற்குப் பிறகு. கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021 இல் சம்பளம் 1,000 ஆனதும் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோவின் அளவு கூட்டப்பட்டு, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன. சில இடங்களில் நாட்சம்பளத்துக்குப் பதிலாக ‘கைக்காசு’ வந்தது. பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. சேமலாப நிதியும் கிடையாது, விடுமுறைக் கொடுப்பனவும் கிடையாது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது அவற்றில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. ஆனால், மக்கள் தோட்டங்களை விட்டு அதே அளவில் போய்விடவில்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் தோட்டத்துறையில் வாழ்ந்தவர்கள் சுமார் 9 இலட்சம். தோட்டத்தில் வாழ்வது, ஆனால் தோட்டத்தில் வேலை செய்யாதிருப்பது என்பதுதான் இப்போது பெரும்பான்மை வாழ்க்கை.

‘வெளி வேலை’ என்றால் என்ன வேலை?

பொருளியல் ஆய்வுகளில் பண்ணைக்கு வெளியேயான வருமானம் என்று ஒரே தலைப்பின் கீழ் போடப்படும் வேலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கண்டி மாவட்டத்தில் அவற்றைக் கிட்டத்தட்ட தூரத்தை வைத்தே பிரிக்கலாம்.

மிகக் கிட்டியது பக்கத்துக் கிராமத்தின் மரக்கறித் தோட்டம், மிளகுக் கொடி, சிறு தேயிலைக் காணி. தோட்டத்தில் பிற்பகல் வேலை முடிந்த பிறகோ, பேர் இல்லாத நாளிலோ போய் நாட்கூலிக்கு வேலை செய்வது. இது பாதி மட்டுமே வெளி வேலை. மண்வெட்டி அதேதான், முதலாளி மட்டும் வேறு. கூலி பல சமயம் தோட்டத்தைவிட அதிகம், சாப்பாடும் கிடைக்கும். ஆனால் மழை பெய்தால் வேலையில்லை, விலை விழுந்தால் வேலையில்லை. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டு விவசாயிகள் பயிரிடுவதைக் குறைத்தபோது, காணியே இல்லாத இந்தக் கூலிக்காரர்களின் நாட்களும் சேர்ந்து குறைந்தன. அந்தப் பேச்சில் இவர்களை யாரும் விவசாயிகளாகக் கணக்கிலெடுக்கவில்லை.

அடுத்தது பஸ் தூரம்: கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களின் கடைகள், பல்லேகலை கைத்தொழில் வலயம், ஆடைத் தொழிற்சாலைகள். 1992 இல் பிரேமதாச அரசாங்கம் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் இயந்திரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கொழுந்துக்கு மாற்றாக முதன்முதலில் கிடைத்த மாதச் சம்பளம் பல இடங்களில் அதுதான்.

அதற்கு அப்பால் கொழும்பு. புறக்கோட்டைக் கடைகள், வெள்ளவத்தை வீடுகள், நகரெங்கும் உள்ள ஹோட்டல்கள். கடை மாடியில் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பும் காசு. கடைசியாக வளைகுடா நாடுகள். 2013 இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை விதி, சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தியது. தேவை இருந்தவர்களில் சிலர் வேறு வழியில் போனார்கள். அப்படிப் போனவர்களுக்கு அங்கு ஒரு பிரச்சினை வந்தால் முறைப்பாடு செய்ய இங்கு ஒரு பதிவுகூட இல்லை.

இவை எல்லாவற்றிலும் கைக்குக் கிடைக்கும் காசு தோட்டத்தைவிட அதிகம். கண்டிக் கடையில் நிற்கும் பையனைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வான்: இங்கே யாரும் அவனைத் தோட்டத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சம்பளப் பட்டியலில் வராத இந்தக் காரணத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அந்த ஒரு பேர் எதற்காக?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். வெளியில் இவ்வளவு கிடைக்கும்போது ஏன் ஒருவர் தோட்டத்தில் தங்குகிறார்?

லயத்துக்காக. லயக் காம்பறா தொழிலாளியின் சொத்து அல்ல, தோட்டத்தின் சொத்து. தோட்டத்தில் வேலை செய்பவர் என்ற முறையில் அதில் இருக்க விடப்பட்டிருக்கிறார். குடும்பத்தில் ஒருவரும் பதிவில் இல்லாமல் போனால், ‘வீட்டை விடு’ என்ற பேச்சு எந்த நாளும் வரலாம். எல்லாத் தோட்டத்திலும் வருவதில்லை, வந்தாலும் எப்போதும் நிறைவேற்றப்படுவதில்லை. ஆனால் வரலாம் என்பதே போதும். ஆகவே, வீட்டில் ஒரு பேர் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பேருக்குக் கிடைக்கும் 28,520 ரூபாவைச் சம்பளமாக மட்டும் பார்த்தால் அது மோசமான வேலை. அந்த வீட்டார் அதைக் குடியிருப்புக்கான வாடகையாகவும் பார்க்கிறார்கள். வாடகையை உடம்பால் கட்டுகிறார்கள்.

அந்த உடம்பு பெரும்பாலும் பெண்ணுடையது. ஆண்கள் வெளியே போகிறார்கள், இளம் பெண்கள் கல்யாணம் வரை வெளியே போகிறார்கள், பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வந்து மாமியாரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டங்களில் ஆண்கள் குறைவதைக் கம்பனிகள் ஆட்பற்றாக்குறை என்கின்றன. வீடுகளில் அது ஒரு வேலைப் பங்கீடு.

இந்த ஏற்பாட்டின் விலை, வெளியில் உழைத்த காசு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கொழும்பில் பத்து வருடம் உழைத்த மகன் அந்தக் காசை எதில் போடுவான்? காம்பறாவுக்கு முன்னால் ஓர் அறையைக் கூட்டிக் கட்டத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டினாலும் அது அவனுடையதல்ல. காணி உறுதி இல்லாததால் அதை ஈடுவைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. எனவே காசு நகையாகிறது, முச்சக்கர வண்டிக்கான லீசிங் ஆகிறது, டியூஷன் கட்டணமாகிறது, கல்யாணமாகிறது. கஷ்டம் வந்தால் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் தீர்ந்தால் நுண்நிதிக் கடன்.

இதைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் வேளாண்மை வீட்டைக் காப்பாற்றுவதில்லை. வயல் சிறுத்து, பிள்ளைகளுக்குள் பிரிந்து, மிஞ்சியிருப்பது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம்தான்: பலா, கித்துள், மிளகு, கராம்பு, சாதிக்காய். அங்கும் வீட்டை நடத்துவது அரச உத்தியோகம், முச்சக்கர வண்டி, ஆடைத் தொழிற்சாலை. ஆனால் அங்கே வெளியிலிருந்து வரும் ரூபா ஒரு காணியின் மேல் விழுகிறது. ஓர் அறை கூடுகிறது, வீதியோரமாக ஒரு சிறு கடை எழும்புகிறது, மிளகுக் கொடி மறுபடி நடப்படுகிறது. மிளகுக்கு விலை நல்ல வருடத்தில் அது ஒரு மேலதிக வருமானம். மோசமான வருடத்தில் பறிக்காமல் விடலாம். தோட்டத்துப் பெண்ணால் ஒரு மாதம் கொழுந்தைப் பறிக்காமல் விட முடியாது.

அந்தக் கிராமத்தின் மீது பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டமும் 1897 இன் தரிசு நிலச் சட்டமும் கண்டிய விவசாயிகள் பயன்படுத்திவந்த மலைகளைப் பறித்துத்தான் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொடுத்தன. அந்தக் குறையை ஆராய சுதந்திரத்துக்குப் பின் அரசு கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1951 இல் வந்தது. அதே காலப்பகுதியில், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால், அந்த மலைகளில் வேலை செய்தவர்கள் நாடற்றவர்களாகியிருந்தார்கள். காணி கேட்கும் வரிசையில் நிற்கவே அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

வெளி வேலைகளில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது, இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு அது நன்றாகவே தெரிந்தது. போர் முடியும் காலத்தில் முப்படைகளின் ஆளணி 2 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மத்திய மலைநாட்டிலும் அதைத் தாண்டியும் உள்ள சிங்களக் கிராமங்களில் வயலுக்கு வெளியே கிடைத்த நிலையான மாதச் சம்பளங்களில் இராணுவம் முக்கியமானது; ஓய்வூதியமும் உண்டு. வடக்கில் ஒரு வீட்டை உடைத்த அதே போர், கண்டிக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு ஓடு போட்டது. அதே வருடங்களில் மலையக இளைஞர்களுக்குக் கொழும்பு வேலை என்பது சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு என்பதாக இருந்தது. தோட்டங்களில் பலரிடம் தேசிய அடையாள அட்டைகூட இருக்கவில்லை. கடை வேலைக்குப் போன பையன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போனால், வீட்டின் மாத வருமானமும் அவனோடு உள்ளே போனது.

வன்னிக்குப் போன பேர்கள்

1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் பல தோட்டங்கள் ஜனவசம, உசவசம போன்ற அமைப்புகளிடம் போயின, துண்டாடப்பட்டன. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு வேலை போனது. வேலையோடு லயமும் போனது. 1973, 74 இல் உணவுப் பஞ்சம். தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். பிறகு 1977, 1983 வன்முறைகள். இந்த வருடங்களில் மலையை விட்டு இறங்கியவர்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர் எல்லாம் அந்தக் கதையின் ஊர்கள்.

அங்கும் பலருக்கு நடந்தது இதேதான். காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, தண்ணீர் இல்லை, மற்றவர்களின் வயலில் நாட்கூலி. போருக்குப் பின் கூலி வேலை, கட்டட வேலை, ஆடைத் தொழிற்சாலை, வெளிநாடு. உறுதி இல்லாத காணியில் வங்கி கடன் தராதபோது வீட்டு வாசலுக்கே வந்தது நுண்நிதிக் கம்பனி. கடன் கட்ட முடியாமல் தவித்த பெண்களுக்காக 2018 இல் அரசாங்கம் ஒரு தள்ளுபடித் திட்டத்தை அறிவிக்கவேண்டிய அளவுக்கு அது போனது. 2021 இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் அதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் போலவே, வந்த வருமானம் எந்த நிலத்தில் தங்குகிறது என்பதும் ஒரு வீட்டின் கதையைத் தீர்மானிக்கிறது.

நகரம் மூடப்பட்டபோது

2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு வந்தது. கண்டியிலும் கொழும்பிலும் கடைகள் மூடின. மாதச் சம்பளம் என்று நினைத்திருந்தது உண்மையில் நாட்சம்பளம் என்பது அப்போது தெரிந்தது. பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பினார்கள். தேயிலை பறிப்பதற்கு மட்டும் அனுமதி இருந்தது. சில மாதங்களுக்கு அந்த ஒரு பேர்தான் ஏழெட்டுப் பேருக்குச் சோறு போட்டது. 2022 நெருக்கடியில், செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, கோதுமை மாவில் ரொட்டி தட்டும் வீடுகளுக்கு வெளிச் சம்பளமும் போதவில்லை, தோட்டச் சம்பளமும் போதவில்லை.

வெளி வேலையின் பெரிய ஓட்டை இங்குதான் இருக்கிறது. தோட்டத்தில் குறைந்தது சேமலாப நிதி இருக்கிறது. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அரசு நடத்தும் பல தோட்டங்களில் அதுவும் வருடக்கணக்காக நிலுவையில் கிடப்பது வேறு சோகம். கடைகளிலும் கட்டட வேலையிலும் பெரும்பாலும் நியமனக் கடிதம்கூட இல்லை. 1958 இன் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஓர் ஊழியரை வைத்திருக்கும் முதலாளியும் பணம் கட்ட வேண்டும்: ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். ‘உனக்குச் சாப்பாடும் படுக்கையும் தருகிறேனே’ என்பது அதற்குப் பதிலாகாது. கட்டப்படுகிறதா என்பதை ஊழியர் தனது அங்கத்துவ இலக்கத்தை வைத்து மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். கேட்டால் வேலை போகும் என்ற பயத்தில் கேட்பவர்கள் குறைவு. பத்து வருடம் கடையில் நின்று முப்பது வயதில் முதுகு வலியோடு திரும்பும் பையனிடம், பத்து வருடம் வேலை செய்ததற்கான ஒரு தாள் கிடையாது.

அரச வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வேறொரு தடங்கல். லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து எப்போதாவது வந்து சேரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதையை ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் கேட்கலாம்.

ஏழு பேர்ச், பத்து பேர்ச்

காணி பற்றிய வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. 2015 இற்குப் பிறகு தனி வீட்டுக்கு 7 பேர்ச் என்றார்கள். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 10 பேர்ச் என்று சொல்லி 4 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். ஓர் ஏக்கரில் 160 பேர்ச். ஆக, பேசப்படுவது ஓர் ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு. அதில் வீடு கட்டினால் நாலு பாத்தி கீரைக்குத்தான் இடம். விவசாயக் குடும்பமாக வாழ அது போதாது. ஆனால் வெளி வருமானத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பத்து பேர்ச்சே பெரிய விடயம், உறுதி கையில் இருந்தால். இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் மற்றவற்றிலும் வீடு கிடைத்தவர்களிலும் பலருக்கு உறுதிப்பத்திரம் வந்து சேரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைகள் சரிந்தன. சரிந்த சரிவுகளில் லயங்களும் இருந்தன. மீள்குடியேற்றம், நட்டஈடு என்று பேச்சு வந்ததும் மறுபடியும் முதலில் கேட்கப்பட்டது அதே கேள்வி: காணி யார் பெயரில்?

அடையாளம் காட்டாமல் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. தாய் தோட்டத்தில் பேர் போடுகிறார். மகன் கண்டியில் கடையில். மருமகள் ஆடைத் தொழிற்சாலையில், தாயைவிடக் கூடுதலாகச் சம்பளம் எடுக்கிறார். மகள் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். தாய்க்கு அடுத்த வருடம் ஓய்வுபெறும் வயது. அவருக்குப் பிறகு அந்தப் பேரை யார் எடுப்பது என்பதுதான் இப்போது இரவில் அந்த வீட்டில் நடக்கும் பேச்சு. மருமகள் எடுத்தால் மாத வருமானம் குறையும். மகள் எடுத்தால் பதின்மூன்று வருடப் படிப்பு கூடைக்குள் போகும். ஒருவரும் எடுக்காவிட்டால் காம்பறா. மூன்று பேரும் தங்கள் தங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறார்கள். தாய், முழங்கால் வலி குறைந்தால் தான் இன்னும் இரண்டு வருடம் கைக்காசுக்காவது போகலாம் என்கிறார்.